குற்றம் பிரிண்டர் மேலா, பிள்ளை மேலா?



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை என்னால் சட்டென்று மடித்து வைத்துவிட முடியவில்லை. குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவருடைய ஒரே மகன் கம்ப்யூட்டர் படிப்பில் டிப்ளோமா வாங்கியவன். ஜொகூர்ப் பாலம் தாண்டி சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடையில் வேலை. விமான டிக்கெட், விண்ணப்பப் பாரம், பாஸ்போர்ட் நகல் என்று எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுக்கும் கடை அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது, இணையம் நின்றுபோனது. அதோடு கடையிலிருந்த மூன்று பிரிண்டர்களும் வாய் மூடிக்கொண்டன. முதலாளி அத்தனை பேர் முன்னிலையில் பையனைத் திட்டினார். பையன் பதறிப்போய் எல்லா வயர்களையும் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினான். இரண்டு மணி நேரத்தில் இணையம் திரும்ப வந்தது, பிரிண்டர்கள் வரவில்லை. மறுநாள் காலையில் டெக்னிசியன் ஒருவர் வந்து பத்தே நிமிஷத்தில் சரிசெய்துவிட்டுப் போனார். அவருக்குக் கொடுத்த கூலியைப் பையனின் சம்பளத்தில் பிடிக்கப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். பையன் வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்து மூன்று வாரமாகிறது. யாரிடமும் பேசுவதில்லையாம்.

"ஐயா, இணையம் நின்றால் அடுத்த அறையில் இருக்கும் பிரிண்டர் ஏன் நிற்க வேண்டும்? இது என் மகன் செய்த தப்பா? நாங்கள் பால் மரம் வெட்டிப் படிக்க வைத்தது வீணா?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

அம்மா, உங்கள் மகன் இரண்டு சிறு தவறுகள் செய்திருக்கிறான். அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் பழி முழுவதும் அவனுடையதல்ல. ஏன் என்று உங்களுக்குப் புரிந்துவிட்டால் அவனுக்கு நீங்களே எடுத்துச் சொல்லலாம். உங்களைப் போலவே பிள்ளைகளைப் பாலம் தாண்டி அனுப்பியிருக்கும் மற்றவர்களுக்கும் இது உதவும்.

தேக்காவின் ஞாயிற்றுக்கிழமை

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஞாயிறு மாலையில் போனவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். கட்டடம் கட்டுகிறவர், கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவர் என்று தமிழ்நாட்டிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வந்தவர்கள் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வெளியே வருவார்கள். பஃபலோ ரோட்டில் காய்கறி வாங்குவது, வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிடுவது, ஊருக்குப் பணம் அனுப்புவது எல்லாம் அன்றைக்கே முடிய வேண்டும். கையில் ஒரு காகிதம் வேண்டியிருந்தால் அதையும் அன்றைக்கே வாங்கியாக வேண்டும். அடுத்த வாய்ப்பு மறு ஞாயிறுதான். ஆகவே அந்த மாலையில் ஒரு பிரிண்டர் நின்றால் அது கடைக்கு நஷ்டம் மட்டுமல்ல. வரிசையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம் தள்ளிப் போகிறது. முதலாளிக்குக் கோபம் வந்ததன் காரணம் எனக்குப் புரிகிறது. கோபத்தைக் காட்டிய இடம்தான் சரியல்ல.

இரண்டு வழிகள்

2006 டிசம்பரில் ஜொகூரில் வந்த பெருவெள்ளம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பல இடங்களில் சாலைகள் துண்டிக்கப்பட்டன. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போக முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தோட்டத்து ஆபீசிலிருந்து கிராணி எழுதிய ஒரு துண்டு, லயத்துக்கு வந்து சேராமல் போகுமா? போகாது. அது பெரிய சாலையில் ஏறுவதே இல்லை. தோட்டத்துச் செம்மண் பாதையிலேயே வந்துவிடும்.

கடையிலும் இப்படியே இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களையும் பிரிண்டர்களையும் இணைக்கும் உள்வழி. மற்றொன்று, கடையிலிருந்து உலகத்துக்குப் போகும் வெளிவழி. இந்த வெளிவழியைத்தான் நாம் இணையம் என்கிறோம். கடைக்குள் இருக்கும் கருவிகளுக்கு வீட்டு நம்பர்போல ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். இந்த எண் வரிசையை உள்வழிக்கு மட்டுமே உரியதென்று 1996இல் உலகம் முழுவதற்கும் ஒதுக்கி வைத்தார்கள். ஆகையால் அந்த எண்ணுள்ள பிரிண்டருக்கு ஒரு பக்கத்தை அனுப்ப வெளிவழி தேவையே இல்லை. வெளியே கடல் வற்றினாலும் உள்ளே பக்கம் அச்சாக வேண்டும். இதுதான் நியாயம்.

பிறகு ஏன் அச்சாகவில்லை? அதற்குக் கடைக்குள் வேலை செய்கிறவர்கள் யார் யார் என்று தெரிய வேண்டும்.

நடுவில் நிற்கும் பரிமாறுபவர்

தேக்காவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போகிறோம். நாம் நேரே அடுப்படிக்குள் நுழைவதில்லை. சர்வரிடம் சொல்கிறோம், அவர் கேட்டு வாங்கி வரிசைப்படி கொண்டுவந்து வைக்கிறார். கம்ப்யூட்டர் உலகிலும் சர்வர் என்றால் அதே வேலைதான். கடையில் ஐந்து மேஜைகளிலிருந்து அச்சு வேலைகள் வந்தால் அவற்றை வாங்கி, வரிசையில் நிறுத்தி, எந்தப் பிரிண்டருக்கு எது என்று அனுப்புவது அந்த நடுக் கம்ப்யூட்டர்.

அந்தப் பையனின் கடையில் சர்வருக்கு லினக்ஸ் என்ற அமைப்பு. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கி, உலகெங்கும் உள்ளவர்கள் கூடி வளர்த்தது. லைசென்சுக்குக் காசு கொடுக்காமலே வாங்கிக்கொள்ளலாம் என்பதால் சிறு கடைகளுக்கும் கட்டுப்படியாகிறது. லினக்சில் அச்சு வேலையைக் கவனிக்கும் பகுதிக்குக் கப்ஸ் என்று பெயர். மைக்கேல் ஸ்வீட் என்பவர் எழுதி 1999இல் வெளிவந்தது. வரிசையைக் காப்பவர் இந்தக் கப்ஸ்தான். இவருடைய குணம் ஒன்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொருவர், வாசலில் இருக்கும் ரௌட்டர் என்ற சிறு பெட்டி. வெளிவழிக்குக் கதவு திறப்பவரும் இவரே, உள்ளே இருக்கும் கருவிகளுக்கு வீட்டு நம்பர் கொடுப்பவரும் இவரே. ஒரே ஆள் இரண்டு உத்தியோகம் பார்ப்பதால்தான் குழப்பமே வருகிறது.

நிற்பதற்கு மூன்று காரணங்கள்

முதலாவது, பெயர் தெரியாமல் நிற்பது. மனிதனுக்கு எண்ணை நினைவில் வைப்பது கஷ்டம். ஆகவே பிரிண்டருக்கு ஒரு பெயர் வைக்கிறோம். சர்வர் அந்தப் பெயருக்கு உரிய எண் எது என்று ஒரு பதிவேட்டைக் கேட்கிறது. சில கடைகளில் அந்தப் பதிவேடு கடைக்கு வெளியே, இணையத்தில் இருக்கும்படி அமைத்துவிடுகிறார்கள். இணையம் நின்றதும் கேள்விக்குப் பதில் வராது. சர்வர் காத்திருக்கும், மறுபடி கேட்கும், மறுபடி காத்திருக்கும். பிரிண்டர் பத்தடி தூரத்தில் பச்சை விளக்கோடு சும்மா நிற்கும்.

இரண்டாவது, நம்பர் மாறிப்போவது. பதற்றத்தில் யாராவது ரௌட்டரை அணைத்துப் போடுவார்கள். அணைத்திருக்கும் நேரத்தில் உள்வழியும் சேர்ந்து நின்றுவிடும் கடைகள் உண்டு. திரும்பப் போட்டதும் ரௌட்டர் எல்லோருக்கும் புதிதாக நம்பர் கொடுக்கும். நேற்று 50ஆம் நம்பரில் இருந்த பிரிண்டருக்கு இன்று 53 கிடைக்கலாம். சர்வரோ பழைய 50ஆம் நம்பர் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். குடிபோன வீட்டுக்குக் கடிதம் போடுவதுபோல.

மூன்றாவதுதான் கப்சின் குணம். அனுப்பிய வேலை ஒரு முறை போய்ச் சேரவில்லை என்றால் "இந்தப் பிரிண்டர் பழுது" என்று தீர்மானித்து வரிசையையே நிறுத்திவைத்துவிடும். பல சர்வர்களில் இப்படித்தான் அமைந்திருக்கிறது. பழுது நீங்கினாலும் தானாகத் திறக்காது. ஒரு மனிதர் வந்து "இனி அனுப்பலாம்" என்று சொன்னால்தான் திறக்கும். இணையம் திரும்பியும் பிரிண்டர் திரும்பாததன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். பையன்களோ இணையம் வந்துவிட்டதே, ஆகவே பிரிண்டர்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள்.

நானும் ஒரு காலத்தில் நகரத்து அலுவலகம் ஒன்றில் இருந்தபோது, இப்படி நல்ல பிரிண்டர் ஒன்றைக் கெட்டதென்று சொல்லிக் குப்பைக்கு அனுப்பிய கூட்டத்தில் ஒருவன். புதிதாக வாங்கி வந்ததும் அதே வரிசையில் அதே மாதிரி நின்றபோதுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. வெட்கப்பட்டு என்ன செய்வது, பழைய பிரிண்டரைக் குப்பை லாரி கொண்டு போயாகிவிட்டது.

பெரிய இடத்திலும் இதே கதைதான்

சிங்கப்பூர் உலகத்திலேயே இணைய வசதி மிகுந்த நகரங்களில் ஒன்று. அங்கேயும் இணையம் நின்ற நாட்கள் உண்டு. அந்த நாட்களைப் பார்த்தால் நம் கடையில் நடந்ததே பெரிய அளவில் நடந்திருப்பது தெரியும்.

2013 அக்டோபர் 9ஆம் தேதி புக்கிட் பாஞ்சாங்கில் சிங்டெல் நிறுவனத்தின் தொலைபேசி நிலையத்தில் தீப்பிடித்துக் கம்பிகள் கருகின. வீடுகளும் கடைகளும் மட்டுமல்ல, வங்கிகளும் தவித்தன. அந்த நிறுவனத்துக்கு மறு ஆண்டு 60 லட்சம் வெள்ளி அபராதம் விழுந்தது. இது பெரிய சாலையே எரிந்துபோன கதை.

2016 அக்டோபர் 22ஆம் தேதியும் 24ஆம் தேதியும் ஸ்டார்ஹப் நிறுவனத்தின் வீட்டு இணையம் நின்றது. அங்கே கம்பி எதுவும் எரியவில்லை. பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் பதிவேட்டுச் சர்வர்கள் திணறிவிட்டன. சாலை இருந்தது, வழி சொல்லும் ஆள் இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி சிங்டெல் இணையம் நின்றபோது, வாடிக்கையாளர் வீடுகளுக்கு எண் வழங்கும் சர்வரில் கோளாறு என்றார்கள். 2020 ஏப்ரல் 15ஆம் தேதி, நோய்த்தொற்றுக் காலத்தில் ஊரே வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில், ஸ்டார்ஹப் இணையம் மறுபடி நின்றது. அன்றும் பெயர்ப் பதிவேட்டுச் சர்வரில்தான் சிக்கல் என்று நிறுவனமே அறிவித்தது. 2021இல் அதற்காக 2 லட்சத்து 10 ஆயிரம் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெயர் தெரியாமல் நிற்பது, நம்பர் கிடைக்காமல் நிற்பது என்ற அதே இரண்டு வியாதிகள் படித்த இன்ஜினியர்கள் நிறைந்த பெரிய நிறுவனங்களையே படுக்கவைத்திருக்கின்றன. அப்படியிருக்க, தனியாகக் கவுண்டரில் நின்ற இருபத்து நாலு வயதுப் பையனை மட்டும் "ஒன்றும் தெரியாதவன்" என்று சொல்வது என்ன நியாயம்?

கிட்டத்திலிருந்து தொடங்குங்கள்

சரி, அப்படி ஒரு மாலை மறுபடி வந்தால் என்ன செய்வது? இந்தப் பகுதியைக் கத்தரித்து உங்கள் பிள்ளைக்கு அனுப்புங்கள். விதி ஒன்றுதான்: கிட்டத்தில் இருப்பதை முதலில் பார், தூரத்தில் இருப்பதைப் பிறகு பார். எதையும் பிடுங்காதே.

ஒன்று: பிரிண்டரிடம் போய் அதன் சொந்தப் பொத்தானிலேயே சோதனைப் பக்கம் ஒன்று அச்சடிக்கச் சொல். அச்சானால் பிரிண்டர் நல்லது. பல பிரிண்டர்கள் அந்தப் பக்கத்திலேயே இன்றைய நம்பரையும் காட்டும். அதைக் குறித்துக்கொள்.

இரண்டு: சர்வரிலிருந்து அந்த நம்பருக்குப் பிங் அனுப்பு. பிங் என்பது "இருக்கிறாயா?" என்று கூப்பிட்டுப் பார்ப்பது. 1983இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்னக் கருவி. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட அனுப்பும் ஒலியின் பெயரையே அதற்கு வைத்தார். பதில் வந்தால் உள்வழி நன்றாக இருக்கிறது. வராவிட்டால் வயரையும் நடுப்பெட்டியையும் பார்.

மூன்று: இப்போது அதே பிங்கைப் பெயருக்கு அனுப்பு. நம்பருக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் வியாதி பெயரில்தான். பதில் வந்தாலும் வேறு நம்பரிலிருந்து வந்தால், பதிவில் பழைய நம்பர் இருக்கிறது.

நான்கு: எல்பிஸ்டாட் என்ற கட்டளையால் வரிசையைப் பார். நிறுத்திவைக்கப்பட்டது என்று காட்டினால், அடிப்படைக் குறையை முதலில் நீக்கிவிட்டு, கப்ஸ்எனேபிள் என்ற கட்டளையோடு பிரிண்டரின் பெயரைச் சொல்லித் திறந்துவிடு. கட்டளை பழக்கமில்லாதவர்கள் சர்வரிலேயே உலாவியைத் திறந்து, லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து 631 என்ற எண்ணைப் போட்டால் கப்சின் பக்கம் வரும். அது கடைக்குள்ளேயே இருக்கும் பக்கம். இணையம் இல்லாமலும் திறக்கும்.

ஐந்து: திறப்பதற்கு முன் வரிசையில் தேங்கியிருப்பதைப் பார். அவசரத்தில் ஒரே பாரத்துக்குப் பத்து முறை பொத்தானை அமுக்கியிருப்பார்கள். வேண்டாதவற்றை நீக்காமல் திறந்தால் காகிதம் ஆறாக ஓடும். ஒருவருடைய பாஸ்போர்ட் நகல் இன்னொருவர் கைக்குப் போய்விடவும் கூடும். கவனம்.

எதைச் செய்தாலும் நடக்காத ஒன்றும் உண்டு. அச்சடிக்க வேண்டிய டிக்கெட்டே விமான நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருந்தால், இணையம் வரும்வரை அது கைக்கு வராது. பிரிண்டர் தயாராக இருந்தும் பயனில்லை. அதேபோல் சில இடங்களில் பக்கத்தை முதலில் வெளிநாட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, அங்கிருந்து தங்கள் பிரிண்டருக்கே திரும்ப வாங்குகிறார்கள். கூகிள் நிறுவனம் நடத்திவந்த அப்படிப்பட்ட சேவை ஒன்று 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு மூடப்பட்டது; மற்றவர்கள் நடத்துவது இன்னும் உண்டு. அப்படி அமைத்திருந்தால் இணையம் நின்றவுடன் அச்சும் நிற்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் வாடிக்கையாளரிடம் "இது இப்போது முடியாது, இது முடியும்" என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவனே நல்ல வேலைக்காரன். கைப்பேசியில் முன்பே இறக்கி வைத்திருக்கும் பாரத்தையும், கண்ணாடியில் வைத்து எடுக்கும் நகலையும் அப்போதும் கொடுக்கலாம்.

இன்னொரு சிறு குறிப்பு. பக்கம் அச்சாகிறது, ஆனால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது என்றால் அது வழியின் குற்றமல்ல, எழுத்துருவின் குற்றம். தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டவர்களில் முன்னோடி சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியதும் அவர் முயற்சியால்தான். அந்த ஊர்க் கடைகளில் தமிழ் தடையில்லாமல் அச்சாவது நமக்கும் பெருமை.

வெயில் நாளில் கூரை வேய்வது

மழை வந்த பிறகு கூரை ஏற முடியாது. இணையம் நன்றாக இருக்கும் நாளிலேயே செய்ய வேண்டியவை நான்கு.

பிரிண்டர்களுக்கு மாறாத நம்பர் கொடுத்துவிட வேண்டும். ரௌட்டரிலேயே "இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இந்த நம்பர்" என்று எழுதி வைக்கலாம்.

பெயரையும் நம்பரையும் சர்வருக்குள்ளேயே ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பில் எழுதி வைக்க வேண்டும். 1983க்கு முன்னால் இன்றைய பெயர்ப் பதிவேடே கிடையாது. அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சிக் கழகத்தில் ஒரே ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். எல்லோரும் அதையே நகல் எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகிவிட்டதால் பால் மொகபெட்ரிஸ் என்பவர் இப்போதுள்ள முறையை வகுத்தார். ஆனாலும் அந்தப் பழைய பட்டியல் முறை ஒவ்வொரு லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் இன்னும் இருக்கிறது. பட்டணத்துத் தலைமை ஆபீசைக் கேட்காமலே கிராணி தன் சொந்தப் பேரேட்டைப் புரட்டி ஆளைச் சொல்வதுபோல, சர்வர் அதைப் பார்த்துப் பதில் சொல்லிவிடும்.

வேலை போய்ச் சேராவிட்டால் வரிசையை நிறுத்தாமல் மறுபடி முயலும்படி கப்சுக்குச் சொல்லி வைக்க வேண்டும். அதற்கென்று ஓர் அமைப்பு உண்டு.

கடைசியாக, பிரிண்டர் பெயர், நம்பர், எந்த வயர் எங்கே போகிறது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிக் கவுண்டரில் வைக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுதி வைத்தால் அவசர நேரத்தில் அதைத் திறக்க முடியாது. பிறகு ஒரு காலையில் கடை திறக்கும் முன் இணைய வயரை மட்டும் கழற்றிவிட்டு ஒரு பக்கம் அச்சடித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் வந்துவிட்டால் நிம்மதி.

தாய்க்கு என் பதில்

அம்மா, உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சர்வரின் ரகசியச் சொல் முதலாளியிடமும் டெக்னிசியனிடமும் மட்டுமே இருந்ததாக மகன் சொன்னான் என்று. நீங்கள் அதைப் பெரிதாக நினைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நிறுத்திவைத்த வரிசையைத் திறக்க அந்த ரகசியச் சொல் வேண்டும். சாவியைக் கொடுக்காமல் பூட்டைத் திறக்கவில்லை என்று ஒருவனைத் திட்டலாமா?

டெக்னிசியன் பத்து நிமிஷத்தில் செய்தது என்னவாக இருக்கும்? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பிரிண்டர்களின் புது நம்பரைப் பார்த்துச் சர்வரில் எழுதியிருப்பார், வரிசையைத் திறந்துவிட்டிருப்பார். அவ்வளவே. அவர் கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் சாவி இருந்தது, கூட்டமில்லாத காலை நேரமும் இருந்தது.

உங்கள் மகன் செய்த தவறுகள் இரண்டு. பார்க்காமல் பிடுங்கினான். அதனால் நம்பர் மாறியிருக்கும். இரண்டாவது, சாவி என்னிடம் இல்லை என்பதை அந்த நிமிஷமே முதலாளியிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. தெரியாதவன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் அதிகம். துரை கேட்டால் தலையாட்டி நின்றது நம் முன்னோர் காலம். "இதுவரை பார்த்துவிட்டேன் ஐயா, இதற்கு மேல் சாவி வேண்டும்" என்று நிமிர்ந்து சொல்வது மரியாதைக் குறைவல்ல, அதுவும் வேலையின் ஒரு பகுதிதான்.

சம்பளப் பிடித்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர் வேலைச் சட்டம் உள்ளூர்க்காரருக்கும் நம்மைப்போல வெளியிலிருந்து போகிறவர்களுக்கும் பொது; வீட்டுப் பணிப்பெண்கள், கப்பலோட்டிகள், அரசு ஊழியர்கள் போன்றோருக்குத்தான் விலக்கு. ஊழியரின் தவறால் பொருளோ பணமோ நஷ்டமானதென்று முதலாளி பிடிக்க நினைத்தால், முதலில் ஊழியரின் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்ட பிறகும் ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது. டெக்னிசியன் கூலியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. சம்பளத் தகராறுகளைத் தீர்க்க 2017 முதல் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணி என்ற அமைப்பு அங்கே இருக்கிறது. வேலையை விட்டவர்கள் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதத்துக்குள் முறையிட வேண்டும். மூன்று வாரம் கழிந்துவிட்டது. ஆகவே தள்ளிப் போடாதீர்கள். சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

மகனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பால் மரம் வெட்டிப் படிக்க வைத்தது வீணாகவில்லை. மரம் பால் தரவில்லை என்றால் நீங்கள் மரத்தைத் திட்டினீர்களா? பட்டையைப் பார்த்தீர்கள், கத்தியைப் பார்த்தீர்கள், மழையைப் பார்த்தீர்கள். காரணத்தை ஒவ்வொன்றாகத் தேடுகிற அந்த வழக்கம் உங்களிடமிருந்து அவனுக்கு வந்திருக்க வேண்டியது. அன்று மாலை பயத்தில் அதை மறந்துவிட்டான். மறுபடி நினைவூட்டுங்கள். அதே கடைக்குப் போனாலும் சரி, வேறு கடைக்குப் போனாலும் சரி, முதல் நாளே இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "பிரிண்டர்களின் நம்பர் என்ன? சர்வரின் சாவி யாரிடம்?"

அவன் திரும்ப வேலைக்குப் போன சேதியை எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.